தப்பைத் திருப்பிக் கேட்கிறார்கள், மாமா

பெருமதிப்பிற்குரிய மாமனார் அவர்களுக்கு மருமகன் வணங்கி எழுதுவது. இங்கே உடம்புக்கு எல்லோரும் சௌக்கியம். என் மனசுக்குத்தான் இல்லை.

உங்கள் மகள் தன் பல் கிளினிக்கிலிருந்து உங்களுக்குப் போன் போட்டு, "அவர் சாப்பிடக்கூட எழுந்திருக்கறதில்லப்பா, கம்ப்யூட்டர்ல யார்கூடவோ சண்டை போட்டுட்டே இருக்கார்" என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். சண்டையை நான் ஆரம்பிக்கவில்லை, மாமா. ஆறு வருடத்துக்கு முன் ஒரு சின்ன நிரல் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் மென்பொருளில் செருகிக்கொள்ளட்டும் என்று இலவசமாக இணையத்தில் வைத்தேன். அதற்கு லைப்ரரி என்று பேர். 'இன்றிலிருந்து நாற்பது நாள் கழித்து என்ன தேதி' என்று கேட்டால் சொல்லும், அவ்வளவுதான். அது ஆறு வருடமாக ஒரு நாள் குறைத்தே சொல்லியிருக்கிறது. ஒரு மனுஷன் வாய் திறக்கவில்லை! போன வாரம் நானே திருத்தி, மூன்றாம் பதிப்பு என்று வெளியிட்டேன். மறுநாள் காலையில் நூற்று நாற்பது புகார்.

ஏன் தெரியுமா? தேதி குறைகிறது என்று தெரிந்ததும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், ஆளாளுக்குத் தங்கள் பக்கத்தில் ஒரு நாளைக் கூட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கிறார்கள். இப்போது நான் சரியாகச் சொல்ல, அவர்களுக்கு ஒரு நாள் கூடிவிட்டது. ஒரு கிடங்கு மேலாளர் எழுதுகிறார்: "சார், எங்க பழைய தப்பைத் திருப்பிக் குடுத்துடுங்க, அதை நம்பித்தான் லாரியே ஓடுது." நீங்கள் கூட்டின அந்த ஒன்றை எடுத்துவிடுங்கள் ஐயா என்றேன். "கூட்டினவர் வேலையை விட்டுப் போயிட்டார் சார், எங்க கூட்டினார்னே தெரியல" என்கிறார். இன்னொருவர் "வேலை செய்யல" என்று மட்டும் எழுதினார். எது, எந்தப் பதிப்பில், என்ன செய்தபோது என்று பொறுமையாகக் கேட்டேன். இரண்டு நாள் கழித்து "இன்னும்" என்று பதில். மூன்றாவது ஆள், தன் பன்னிரண்டு வருடப் பழைய கம்ப்யூட்டரில் ஓடவில்லையாம், "இதெல்லாம் ஒரு பொழப்பா?" என்று கேட்கிறான். என் பொழப்பை விட்டுட்டுத்தானேடா உனக்குப் பதில் எழுதிட்டிருக்கேன்! தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவர்களையாவது மன்னிக்கலாம் மாமா, இவர்கள் பல் கட்டியும் கொடு என்கிறார்கள்.

உங்கள் மகளும் "கேட்டதைக் குடுத்துத் தொலைங்களேன்" என்கிறாள். எப்படிக் கொடுப்பேன்? தெரிந்தே தப்புத் தேதி சொல்லவா ஒரு நிரல்? அதன் மேல் என் பேர் இருக்கிறதே! ஊரே திரண்டு வந்து கேட்டாலும் அந்தத் தப்பைத் திரும்ப வைக்க மாட்டேன். இது உங்கள் தலையில் அடித்துச் சத்தியம்.

அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். உங்கள் ஆசி என்றைக்கும் வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லைத் தட்டாத மருமகன்

பின்குறிப்பு: இதை உறையில் போடும்போது உங்கள் மகளிடமிருந்து போன். இன்றைக்கு வரவேண்டிய நோயாளிகளில் ஒருவர்கூட வரவில்லை; எல்லோருக்கும் நாளைக்கு என்று தகவல் போயிருக்கிறது. அந்தக் கிளினிக்குக்குத் தேதி போடுகிற நிரலை, இதே லைப்ரரியைச் செருகி, கல்யாணமான புதிதில் எழுதிக் கொடுத்தவன் நான்தான். திறந்து பார்த்தேன். 'ஒன்று கூட்டு, காரணம் பிறகு பார்க்கலாம்' என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். ஓர் இடத்தில் இல்லை, பதினோரு இடத்தில். உங்கள் மகள் போனை வைக்காமல் காத்துக்கொண்டிருந்தாள். பழைய தப்பை எல்லோருக்குமாகத் திரும்ப வைத்துவிட்டேன். கொஞ்ச நாளைக்குப் படி இறங்கும்போது மட்டும் கைப்பிடியைப் பிடித்து இறங்குங்கள், மாமா.