கட்டுமரத்தின் சொந்தக்காரன்

எனக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது ஓர் ஆங்கிலச் சொல்லைச் சொன்னால், அது தமிழிலிருந்து போனதென்று நிறுவும்வரை எனக்குச் சோறு இறங்காது. மொன்றியலுக்கு வந்த முதலாவது கோடையில் அந்த வியாதி என்னைத் தண்ணீரில் தள்ளியது.

அப்போது அந்நகரின் லாசால் பகுதியில் ஒரு சாமான் கிடங்கில் எனக்குத் தற்காலிக வேலை. நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முதலாளி மிஷேல் திங்கட்கிழமை சொல்வதாக இருந்தது. அதற்கு முந்திய சனிக்கிழமை வேலையாட்களைக் குடும்பத்தோடு ஏரிக்கரைக்கு விருந்துக்கு அழைத்திருந்தார். அங்கே தன் பாய்ப்படகைக் காட்டி, "இதுதான் என் கட்டமரான்" என்றார்.

விட்டேனா? "அது எங்கள் சொல், ஐயா! மரங்களைக் கட்டினால் கட்டுமரம்!" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் கொட்டினேன். ஆங்கிலேயர் அந்தச் சொல்லைக் கொண்டுபோய் இரட்டைப் படகுக்கு வைத்த கதையையும் விடவில்லை. (பழைய ஆங்கிலத்தில் சண்டைக்காரிக்கும் அதே பெயராம். அதை என் மனைவி ரஜனிக்கு இன்றுவரை சொல்லவில்லை.)

மிஷேலின் கண்கள் விரிந்தன. "அப்படியென்றால் இது உன் பரம்பரைத் தொழில்! வா, நீயே ஓட்டு!"

நான் பிறந்த கோப்பாயில் எங்களுக்கு இருந்தது வெங்காயத் தோட்டம். கடலை பஸ் யன்னலால் பார்த்திருக்கிறேன். ரஜனி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"என்னப்பா, உங்களுக்கு நீந்தவே தெரியாதெல்லோ? உள்ளதைச் சொல்லுங்கோ."

"பேசாம இரும். திங்கக்கிழமை முடிவு சொல்லுற மனிசன்."

மிஷேல் நீட்டிய ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்டை மறுக்காமல் போட்டுக்கொண்டது பிள்ளையார் புண்ணியம்.

நடு ஏரியில் சுக்கானை என்னிடம் தந்து, "இடப்பக்கம் திருப்பு!" என்றார். இடப்பக்கம் இழுத்தேன். அப்படி இழுத்தால் படகு வலப்பக்கம் போகுமாம்; கோப்பாயில் யாரும் அதைச் சொல்லித்தரவில்லை. காற்று பாயில் அறைந்து படகைக் கவிழ்த்தது. முதலாளியும் நானும் ஏரிக்குள்!

ஜாக்கெட்டை நான் நம்பவில்லை. முதலாளியின் கழுத்தை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டேன். அவர் பிரெஞ்சில் ஏதோ கத்தினார். புரிந்திருந்தாலும் விட்டிருக்க மாட்டேன். மீட்க வந்தவர்கள் எங்களைப் பிரிக்க முடியாமல், இரண்டு மரங்களைக் கட்டியதுபோலச் சேர்த்தே இழுத்து ஏற்றினார்கள்.

திங்கட்கிழமை நேரே மிஷேலிடம் போனேன். "மன்னியுங்கள் ஐயா. எனக்குச் சொல் மட்டும்தான் தெரியும், படகு தெரியாது."

மிஷேல் கழுத்தைத் தடவியபடி என் நிரந்தர வேலைக் கடிதத்தில் கையெழுத்திட்டார். "பிடித்ததை விடாத ஆள் கிடங்குக்கு வேண்டும். படகுப் பக்கம் மட்டும் வராதே." அந்த ஜாக்கெட்டையும் என்னிடமே தந்துவிட்டார்.

இப்போதும் விருந்தாளிகள் முன்னால் "இந்தச் சொல் இருக்கிறதே..." என்று நான் தொடங்கினால், மகள் எழுந்துபோய் அலுமாரியிலிருந்து அந்த ஜாக்கெட்டை எடுத்துவந்து எனக்கு மாட்டிவிடுவாள்.

"வடிவா இறுக்கிக் கட்டு பிள்ளை," என்பாள் ரஜனி. "அப்பா கதைக்கப் போறார்."