பிரேமியும் ஒரு ஃபிரேமும்

நாற்பத்தி மூன்றாவது வயதில் நான் ஒரு தீர்மானம் எடுத்தேன். ரோட் பைக் வாங்குவது.

மோட்டார் பைக் இல்லை. மெல்லிய டயர், ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில், குனிந்துகொண்டு ஓட்டுவார்களே, அந்தச் சைக்கிள். அதை ரேசிங் சைக்கிள் என்று சொன்னால் மரியாதைக் குறைவாம். ரோட் பைக் என்றுதான் சொல்ல வேண்டுமாம். சொன்னவர் நஸீப்.

நஸீப், கண்டி டவுனில் நான் வேலை செய்யும் கம்பெனியில் எனக்கு அடுத்த மேசை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஏழெட்டுப் பேரோடு பேராதனையில் இருந்து கலஹா வரைக்கும் சைக்கிளில் மலையேறிவிட்டு வருகிற ஆள். அவருடைய வயிறு தட்டையாக இருக்கும். என்னுடைய வயிறு எனக்கு முன்னாலேயே ஆபீஸுக்குள் போய்க் கையெழுத்துப் போட்டுவிடும்.

"அடுத்த மாசம் மொத ஞாயிறு நானும் வர்றேன். பேரப் போடுங்க" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். சைக்கிள் ஒன்றுதான் குறை.

புதுசு என்ன விலை என்று விசாரித்தேன். அந்த விலைக்கு ஓட்டுவதற்கு ஒரு டிரைவரையும் சேர்த்துத் தருவார்கள் போலிருந்தது.

"புதுசு வாணாம். ஜப்பான்ல இருந்து வார பழைய சைக்கிள் அக்குறணையில தாஸிம் நானாட கடையில ஈக்கி. நாப்பத்தஞ்சாயிரத்துக்குள்ள எடுக்கலாம்" என்றார் நஸீப். "ஆனா ஃபிரேம்ட அளவு சரியா ஈக்கணும். ஒங்கட உயரம் என்ன?"

"அஞ்சு அடி எட்டு."

உட்கார்ந்தபடியேதான் சொன்னேன். உட்கார்ந்துவிட்டால் மனிதர்கள் எல்லோரும் சமம். நஸீப் என்னை மேலேயும் கீழேயும் ஒரு தடவை பார்த்தார். நல்ல மனுசன். "அப்ப அம்பத்தி நாலாம் நம்பர்" என்று மட்டும் சொன்னார்.

உண்மையான உயரம் ஐந்து அடி நான்கு. இது உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் சரியாகத் தெரியும். என் மனைவி பிரேமிளா, வீட்டில் பிரேமி. மடவளை பஜாரில் தையல் கடை வைத்திருக்கிறாள். ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் அளவெடுத்தவள். அவளுடைய உயரம் ஐந்து அடி ஏழு. எங்கள் கல்யாணப் போட்டோவில் நான் பலகையில் நிற்கிறேன்.

அன்றைக்குச் சாயந்திரம் கட்டுகஸ்தோட்டை வீட்டு வாசலில் நின்று நஸீப்போடு போனில் பேசிக்கொண்டிருந்தேன்.

"ஆமா நஸீப், பிரேம் அம்பத்தி நாலு. பழசுதான், என்ன செய்றது? நம்ம பட்ஜெட்டுக்குப் புதுசா கிடைக்கும்? கொஞ்சம் பாரம் ஜாஸ்திதான். பெயின்ட் அடிச்சா பார்வையா இருக்கும்."

திரும்பினேன். பின்னால் பிரேமி. கையில் பெரிய கத்தரிக்கோல்.

"யாருக்கு அம்பத்தி நாலு?"

"ஐயோ, அது ஃபிரேம்!"

"அதத்தான் கேக்குறேன். பிரேமிக்கு நாப்பதுதான் ஆகுது. யாருக்குப் பெயின்ட் அடிக்கப் போறீங்க? புதுசு வேற தேடுறீங்களா?"

விசயத்தைக் கக்க வேண்டியதாகிவிட்டது. சைக்கிள், கலஹா, வயிறு, உடல்நலம், டாக்டர் செலவு மிச்சம் என்று வரிசையாக எடுத்துவிட்டேன். கத்தரிக்கோல் மெதுவாகக் கீழே இறங்கியது.

"யார் காசுல?"

"போன வாரம் உனக்குச் சீட்டு விழுந்துச்சே..."

பூகம்பத்தை எதிர்பார்த்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். பிரேமி என் கால்களைப் பார்த்தாள். கழுத்தில் மாலை மாதிரிக் கிடந்த அளவு நாடாவை உருவினாள்.

"நிமிந்து நில்லுங்க. கால் நீளம் எடுக்கணும். அத வெச்சுத்தான் ஃபிரேம் பாக்கணுமாம்."

"ஒனக்கு எப்புடித் தெரியும்?"

"என் போன்லதானே தேடித் தேடிப் பாத்தீங்க? இப்ப தொறந்தா சைக்கிளாத்தான் வருது. சட்டை டிசைன் ஒண்ணுகூட வரமாட்டேங்குது." நாடாவைப் பிடித்தாள். "இருபத்தெட்டரை. உங்களுக்கு நாப்பத்தி ஒம்போது போதும்."

"அது சின்னப் புள்ளைங்க சைஸ்! எனக்கு அம்பத்தி நாலு."

"போன மாசம் உங்க காற்சட்டையில மூணு இஞ்சி வெட்டுனது நான்தாங்க."

"காற்சட்டைய வெட்டலாம். சைக்கிள வெட்ட முடியுமா?"

"அதத்தானே நானும் சொல்றேன்?"

நான் மார்பை நிமிர்த்தினேன். "ஓட்டப் போறது நான். அம்பத்தி நாலுதான். பேச்சே கிடையாது."

நிஜமாகவே பேச்சு நின்றுவிட்டது. பதினாறு வருச தாம்பத்தியத்தில் பிரேமி விட்டுக்கொடுத்த முதல் விவாதம். இரண்டு நாள் தரையில் கால் படாமல் நடந்தேன்.

சனிக்கிழமை அக்குறணைக்கு பஸ் ஏறினோம். ஊருக்கே அண்ணனான தாஸிம் நானாவின் கடையில் சைக்கிள்கள் கூரையில் இருந்து வரிசையாகத் தொங்கின. நானா தேடவே இல்லை. நேராகப் போய் மூலையில் இருந்த ஒன்றின் மேல் போட்டிருந்த சாக்கை இழுத்தார். நீல நிறம். பளபளப்பு. 

"அம்பத்தி நாலா?" என்றேன்.

"அம்பத்தி நாலேதான் மாஸ்டர். ஏறிப் பாருங்க." நானாவுக்குக் கடைக்கு வருகிற எல்லோரும் மாஸ்டர்.

காலைத் தூக்கிப் போட்டேன். ஒரு கால்விரல் நுனி தரையைத் தொட்டது. மற்றக் கால் எதையும் தொடவில்லை. நடுக்குழாய் தொட்ட இடத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது.

"எப்புடிங்க இருக்கு?" என்றாள் பிரேமி.

"அளவெடுத்துச் செஞ்ச மாதிரி" என்றேன், கொஞ்சம் கீச்சுக் குரலில்.

"நல்லமாத்தான் ஈக்கி" என்றார் தாஸிம் நானா, கூரையைப் பார்த்துக்கொண்டு.

பிரேமி சைக்கிளைச் சுற்றி வந்தாள். துணிக்கடையில் புடவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாளே, அப்படி. சக்கரத்தைச் சுழற்றிவிட்டு ஆடுகிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். பிரேக் கட்டையில் நகத்தை வைத்து அழுத்தினாள். செயினை விரலால் இழுத்தாள். "டயர் புதுசா மாத்தணும் நானா, ஓரம் வெடிச்சிருக்கு. பின்னால பல்லுச் சக்கரம் இன்னும் பெருசு போடுங்க. இது சமதரைக்குச் சரி, நம்ம ஏத்தத்துக்கு மூச்சு வாங்கும்" என்றாள். நானா தலையாட்டித் தலையாட்டி எழுதிக்கொண்டார். நான் கலரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப வெல பேசப் போறேன். நீங்க போய் வடை வாங்கிட்டு வாங்க" என்றாள் பிரேமி.

"நானும் நிக்கிறேனே?"

"வேணாம். உங்க மூஞ்சியப் பாத்தா நானா வெல கூட்டிருவாரு."

வடையோடு திரும்பினேன். வியாபாரம் முடிந்திருந்தது. நாற்பத்தி ஐந்தாயிரம். ஒரு ரூபாய் குறையவில்லை! பட்டன் வாங்கப் போனால் பத்து ரூபாய்க்குக் கடைக்காரனை அழவைக்கிறவள் பிரேமி. எனக்காக ஒரு தடவை அவள் மனசு இளகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.  இரண்டு வடையை அவளுக்கே கொடுத்தேன்.

டயரும் பல்லுச் சக்கரமும் மாற்றி அன்றைக்கே சைக்கிளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார் நானா. மறுநாள் காலை எங்கள் வீட்டு ஒழுங்கையில், அந்தச் சின்னச் சந்தில், வெள்ளோட்டம். ஏறுவதற்கு ஒரு கல் தேவைப்பட்டது. இறங்குவதற்கு ஒரு சுவர் தேவைப்பட்டது. நடுவில் ஓட்டம் பிரமாதம். முதல் தடவை மின்கம்பத்தைக் கட்டிப்பிடித்து நின்றேன். இரண்டாம் தடவை மதில். மூன்றாம் தடவை பக்கத்து வீட்டு வீரம்மா அக்கா துணி காயப்போட்டிருந்த கொடிக்குள் புகுந்து, ஒரு பெட்ஷீட்டோடு ரோட்டில் உருண்டேன். ரோட் பைக் என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்று அப்போதுதான் விளங்கியது.

பெட்ஷீட்டுக்குள் இருந்து எட்டிப் பார்த்தேன். வீரம்மா அக்கா இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"தம்பி, அடுத்த தடவ எறங்குறதுக்கு முந்தி ஒரு சத்தம் குடுங்க. ஈரத்துணிய எடுத்துர்றேன்."

பிரேமி ஓடி வந்தாள். முதலில் சைக்கிளைத் தூக்கினாள். ஏதாவது முறிந்திருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு என்னையும் பார்த்தாள்.

"நீங்க உள்ள போய் மஞ்சப் பத்துப் போடுங்க. நான் இத ஓரமா வெச்சிட்டு வர்றேன்."

ஓரமாக வைப்பதற்கு அவள் அதன் மேல் ஏறினாள். சுரிதாரின் காலைக் கிளிப் போட்டுக்கொண்டு, ஒழுங்கையின் மேல் முனைவரை மிதித்துப் போய், திரும்பி, சர்ரென்று இறங்கி, பிரேக் பிடித்து நின்றாள். கால் அழகாகத் தரையில் ஊன்றியது. அந்த ஃபிரேம் பிரேமிக்குக் கச்சிதம்.

"சும்மா நின்னா செயின் துரு பிடிச்சிரும். நாளைக்கு மட்டும் கடைக்குக் கொண்டு போறேன்" என்றாள்.

நாளைக்கு, மறுநாள் ஆனது. மறுநாள், பத்து நாள் ஆனது. என் முழங்கால் ஆறிவிட்டது. ஆனால் சைக்கிள் காலையில் மடவளைக்குப் போய்ச் சாயந்திரம்தான் வருகிறது. கலஹா ஞாயிறுக்கு நான்கே நாள். பிரேமியிடம் சண்டை போடத் துணிவில்லாமல், லீவு போட்டுவிட்டு தாஸிம் நானாவிடம் சண்டை போடப் போனேன்.

"நானா, பெரிய சைஸ என் தலையில கட்டிட்டீங்களே! மாத்திக் குடுங்க."

நானா கதிரையைத் துடைத்துப் போட்டார். "இருங்க மாஸ்டர். அத எப்புடி மாத்துற? தங்கச்சிட அளவுக்குத்தானே அத எடுத்து வெச்ச?"

"எந்தத் தங்கச்சி?"

"ஒங்கட வீட்டுத் தங்கச்சிதான். நீங்க வாரதுக்கு மொத நாளே போன்ல அளவெல்லாம் செல்லிட்டாங்க. 'என்ட புருசன் இதத்தான் புடிவாதமாக் கேப்பாரு. நீங்க நல்லமா ஈக்கின்னு மட்டும் செல்லுங்க'ன்னாங்க. நான் பொய் செல்ல மாட்டேன் மாஸ்டர். நல்லமாத்தான் ஈக்கின்னேன். யாருக்குன்னு செல்லல."

அங்கேயே பிரேமிக்குப் போன் போட்டேன். தையல் மெஷின் சத்தம் கேட்டது.

"பிரேமி, இது என்ன அநியாயம்?"

மெஷின் நின்றது. "ரெண்டு வருசமா மடவளை பஸ்ஸுல தொங்கிட்டுப் போறேன். ஒரு சைக்கிள் வாங்கித் தாங்கன்னு கேட்டப்ப என்ன சொன்னீங்க?"

எனக்கு ஞாபகம் இருந்தது. இல்லாத மாதிரி இருமினேன்.

"பொம்பளைங்களால இந்த ஏத்தத்துல மிதிக்க முடியாதுன்னு சொன்னீங்க. நானும் கேட்டுக்கிட்டு சும்மாதான் இருந்தேன். இப்ப என் சீட்டுக் காச நீங்களே எடுத்து, அம்பத்தி நாலுதான் வேணும்னு நீங்களே ஒத்தக் கால்ல நின்னா, நான் என்னங்க செய்ய?"

"அப்ப எனக்கு?"

"உங்கள விட்டுட்டு வாங்குவேனா? நானா கிட்டக் கேளுங்க." மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

தாஸிம் நானா ஏற்கெனவே உள்ளே போயிருந்தார். ஒரு சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். தாழ்ந்த ஃபிரேம். அகலமான சீட்டு. ரோஜா நிறம். முன்னால் பெரிய கம்பிக் கூடை.

"இது... லேடீஸ் சைக்கிள் இல்லையா நானா?"

"ஜப்பான்ல எல்லாரும் ஓட்டுறாங்க மாஸ்டர். நீலம் முப்பது, இது பதினஞ்சு. அண்டைக்கே காசு தந்திட்டாங்க. நீங்க வடை வாங்கப் போன நேரத்துல."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சும்மா ஒரு தடவை ஏறி உட்கார்ந்தேன். இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. முதுகு நிமிர்ந்திருந்தது. எந்தக் குழாயும் எதையும் தொடவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சொர்க்கம்.

அக்குறணையில் இருந்து மாத்தளை ரோட்டில் வீட்டைப் பார்த்து மிதித்தேன். ஒரு தடவைகூட விழவில்லை. பஸ்ஸில் போன பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையசைத்தார்கள். நானும் மணி அடித்தேன். பரவாயில்லை, கூடையைக் கழற்றிவிட்டுக் கறுப்புப் பெயின்ட் அடித்தால் கலஹாவுக்கு இதிலேயே போகலாம், யார் பார்க்கப் போகிறார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஓரமாக நிறுத்தினேன். நஸீப்.

"ராஜலிங்கம், இப்பத்தான் மிஸிஸ் பேசினாங்க. ஒங்கட பேர வெட்டிட்டு அவங்கட பேரப் போட்டாச்சு. ஆனா நீங்களும் கட்டாயம் வாங்க" என்றார் அன்பாக. "கூடைய மட்டும் கழட்டிராதீங்க. எங்க எல்லாருக்கும் வாழப்பழம் கொண்டு வாரதுக்கு ஆளில்லாம ஈக்கி."