போத்தல் மிஸ்ஸும் எங்கள் கிணறும்

குச்சவெளியில் எந்தக் கிணற்றுக்கு என்ன வருத்தம் என்பது கிணற்றுச் சொந்தக்காரரை விடப் போத்தல் மிஸ்ஸுக்குத்தான் தெரியும்.

விவசாயக் கந்தோரில் வேலை. சொந்தப் பெயரைக் கேட்டுவைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ஸ்கூட்டியின் இரு பக்கமும் கழுவிய சாராயப் போத்தல்கள் தொங்க, கலகலவென்று வருவார். கலியாண வீட்டில் சர்பத் நீட்டினால், "அது வேண்டாம், உங்கட கிணத்துத் தண்ணியில ஒரு போத்தல் தாங்கோ" என்பார். ஒருமுறை செத்த வீட்டிலும் கேட்டார். அழுதவர்கள் அழுகையை நிறுத்தி, ஆளை அனுப்பி அள்ளிக் கொடுத்துவிட்டுத் தொடர்ந்தார்கள்.

அம்மாவுக்கு அவரைப் பிடிக்காது. "சாராயப் போத்தலோட வாறவவுக்குக் கதிரை போட ஏலாது" என்று படலையோடு நிறுத்திவிடுவாள்.

எங்கள் மணல் காணியில் வெங்காயம். அப்பா யூரியாவைக் கல்யாண அரிசி மாதிரி அள்ளி வீசுவார். ஒரு நாள் மிஸ் குறுக்கே வந்து நின்றார்.

"ஐயா, இதில கொஞ்சத்தைத்தான் வெங்காயம் எடுக்கும். மிச்சம் மணலால இறங்கிக் கிணத்துக்குப் போகும், களப்புக்குப் போகும், கடலுக்கும் போகும். உங்கட கிணத்தைச் சோதிச்ச கடதாசி இந்தா இருக்கு."

"கடதாசி கிடக்கட்டும் மிஸ். வெங்காயம் சொன்னா நம்புறன்."

"பந்தயமோ?"

ஒரு பாத்திக்கு யூரியா. பக்கத்துப் பாத்திக்கு வெறும் கிணற்றுத் தண்ணீர். மிஸ் இரண்டு நாளுக்கொருமுறை வந்து ஒவ்வொரு வெங்காயத் தாளையும் அடிமட்டத்தால் அளந்தார். காகம் வந்து குந்தியதைக்கூடக் கொப்பியில் எழுதினார். ஒன்றரை மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே பச்சை. எது எந்தப் பாத்தி என்று அப்பாவே தடுமாறினார்.

தோற்றதை மறந்து துள்ளினார். "பாத்தியே தம்பி! எங்கட கிணத்துக்குள்ளயே யூரியா ஊறுது!"

மிஸ்ஸும் சிரித்தார். அப்போதுதான் குசினியில் குழந்தை அழுதது.

"ஆர்ர பிள்ளை?"

"அக்காட. நேற்றுத்தான் மூதூரிலயிருந்து வந்தவ" என்றேன்.

"பால்மா எந்தத் தண்ணியில கரைக்கிறனீங்கள்?"

நைதரசன் வட்டத்தைப் பரீட்சையில் அம்புக்குறிகளோடு வரைந்து முழுப் புள்ளி எடுத்தவன் நான். அந்த வட்டத்துக்குள் எங்கள் குசினியும் இருக்கிறதென்று அன்றுவரை தோன்றவில்லை.

"நல்லாக் கொதிக்க வைச்சுத்தான் குடுக்கிறம்" என்றாள் அம்மா.

"கொதிச்சாத் தண்ணிதான் வத்தும் அம்மா. அதில ஊறின நைத்திரேற்று வத்தாது. பச்சைப் பிள்ளைக்கு உதடு நீலிச்சுப்போகும்."

அக்கா குழந்தையை வெளிச்சத்துக்குத் தூக்கிவந்தாள். எல்லோரும் குனிந்து பார்த்தோம். உதடு சிவப்புத்தான். எங்களைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

வெறும் போத்தலோடு வந்து நிறைந்த போத்தலோடு போகிறவர், அன்று குழாயடிக்குப் போய் நிறைந்த போத்தல்களோடு திரும்பி வந்தார். அந்தச் சாராயப் போத்தல்களை அம்மா இரண்டு கையாலும் வாங்கினாள்.

இப்போது கிணற்றில் எவ்வளவு ஊறியிருக்கிறதென்று கந்தோரில் கேட்டு, அதைக் கழித்துவிட்டுத்தான் அப்பா யூரியா போடுகிறார். மிஸ் போன வருடம் இடமாற்றமாகிப் போய்விட்டார்.

வீதியில் ஏதாவது கலகலத்தால் அம்மா கதிரையைத் தூக்கி முற்றத்தில் போடுகிறாள். பெரும்பாலும் அது சோடா லொறிதான். ஆனாலும் கதிரையை அவள் உடனே உள்ளே எடுப்பதில்லை.