வேலிக்கு மேல் ஒரு வைத்தியர்

வேலிக்கு அந்தப் பக்கம் மட்டுமே நோயைக் காணும் வைத்தியர்கள் ஒரு தனி இனம். உங்களுக்கும் ஒருவரைத் தெரிந்திருக்கும். லுப்லின் நகருக்கு வெளியே, ரயில் பாதையை ஒட்டி ஆளுக்கொரு துண்டாகச் சங்கம் பிரித்துக் கொடுத்திருக்கும் தோட்டங்களில் அந்தப் பதவியை வகிப்பவர் போக்டான், ஓய்வுபெற்ற டிக்கெட் பரிசோதகர். அடுத்தவர் தக்காளியைப் பார்த்து உச்சுக்கொட்டுவார். "நான் அப்பவே சொன்னேன்" என்பார். எப்போது சொன்னார்? யாரும் கேட்டதில்லை.

'சிறந்த தோட்டம்' என்ற பித்தளைத் தகடு பதினோரு வருடமாக அவர் கதவில்தான் இருக்கிறது. இந்த ஜூனில் பக்கத்துத் தோட்டத்து யாத்விகாவின் ஸ்ட்ராபெரி சிவந்த சிவப்பைப் பார்த்ததிலிருந்து மனிதருக்குச் சூப் இறங்கவில்லை. இந்த வருடத் தகடு யாருக்கு என்று முடிவுசெய்ய ஞாயிற்றுக்கிழமை சங்கத் தலைவி பார்வையிட வருகிறார்.

வெள்ளிக்கிழமை மழை விட்டது. வேலிமேல் எட்டிப் பார்த்தார். யாத்விகா செடிகளுக்கடியில் பரப்பியிருந்த மரப்பட்டைச் சில்லுகளில் கடுகைவிடச் சிறிய சாம்பல் பூச்சிகள் துள்ளிக்கொண்டிருந்தன. பாவம், என்ன சந்தோஷம் அவருக்கு!

"ஏம்மா யாத்விகா, இது தொத்துநோய்ம்மா. எல்லாத்தையும் வாரிக் கொட்டு."

"அழுகினதைத் தின்னுட்டுப் போற பூச்சிண்ணே. செடியை ஒண்ணும் பண்ணாது. உங்ககிட்ட இல்லையா?"

"என் தோட்டத்துலயா? நல்லாருக்கே கதை."

மத்தியானத்துக்குள் நாற்பது தோட்டத்துக்கும் சேதி சொல்லிவிட்டு வந்து, சும்மா ஒரு பார்வைக்காகத் தன் ஸ்ட்ராபெரிப் பாத்தியில் ஒரு சில்லைப் புரட்டினார். துள்ளின. இன்னொன்றைப் புரட்டினார். அங்கேயும் துள்ளின. துள்ளாதா பின்னே? ஏப்ரலில் ஒரே லாரியில் வந்த பட்டை. ஆளுக்கு ஆறு கூடை என்று அளந்து கொடுத்தவரே அவர்தான். ஊரெல்லாம் தொத்துநோய் என்று சொன்ன வாயால் இனி என்ன சொல்வது? தோட்டக் கதவைச் சாத்திக்கொண்டு, வெள்ளரிக்காய் ஊறுகாய் போட வைத்திருந்த வினிகரைக் கெட்டில் கெட்டிலாகக் கொதிக்க வைத்துப் பாத்தி முழுக்க ஊற்றினார்.

ஞாயிறன்று பூச்சி ஒன்றுகூட இல்லை. செடியும் இல்லை.

"என்ன போக்டான் சார், இப்படிக் கருகிக் கெடக்கு?" என்றார் தலைவி லுத்மிலா.

"வேலி தாண்டி வந்த நோய், மேடம்."

தலைவி குனிந்து முகர்ந்தார். "வெள்ளரிக்கா ஊறுகா வாடையில்ல வருது?"

தகடு யாத்விகா கதவுக்குப் போனது. போக்டானுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் எத்தனை நேரத்துக்கு? யாத்விகா கடைசி ஆணியை அடித்து முடிப்பதற்குள் வேலிமேல் தலை தெரிந்தது.

"கோணலா இருக்கும்மா. நான் அப்பவே சொன்னேன்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன மழை விட்டதும் நீங்கள் முதலில் எட்டிப் பார்த்தது யார் வீட்டுத் தொட்டியை?