இரண்டு மாலை வேதமாணிக்கம்

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். இரண்டு பக்கமும் மாலை வாங்கிய மத்தளத்தைக் கண்டதுண்டா? எல்லைப் போராட்டக் காலத்தில் எங்கள் பக்கம் அந்த இனம் நன்றாக விளைந்தது. மக்கள் தலைவர் என்று பெயர்.

வேதமாணிக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் பனச்சமூட்டில் துண்டை இடது தோளில் போட்டு, "உயிரைக் கொடுத்தாவது இந்த மண்ணைத் தமிழ்நாட்டோடு சேர்ப்பேன்" என்று தமிழில் முழங்கி, ஒரு மாலை வாங்கி, வழியில் கடுங்காப்பி குடித்து, துண்டை வலது தோளுக்கு மாற்றி, சாயங்காலம் அம்பூரியில் "ஒரு பிடி மண்ணும் தரமாட்டேன்" என்று மலையாளத்தில் அழுது, இன்னொரு மாலையோடு வீடு திரும்புவார். அழுகை மலையாளத்துக்கு மட்டும்.

ஜனங்களுக்குத் தெரியாதா என்கிறீர்களா? இங்கே இரண்டு பாஷையும் தெரியாதவன் யார்? எல்லாருக்கும் தெரியும்.

"நம்ம ஆளாக்கும். மத்தவனுவள நல்லா ஏமாத்துதாரு!" என்று தமிழ்க் கூட்டத்து ஞானையன் தொடையைத் தட்டுவார். "நம்முடெ ஆளாணு. மற்றவரெ பற்றிக்குந்நு!" என்று அம்பூரியில் கிருஷ்ணன்குட்டியும் அதையேதான் சொல்லிச் சிரிப்பார்.

சிரிக்காதவள் மனைவி ஆனந்தபாய் ஒருத்திதான். மாலைகளை ஆட்டுக்குப் போட்டுவிடுவாள்.

அப்போதுதான் எல்லை விசாரணைக்கு அதிகாரிகள் பனச்சமூட்டுக்கு வருவதாகச் செய்தி வந்தது. இரண்டு கூட்டமும் ஒரே சந்தியில் கூட வேண்டும். இரண்டுக்கும் பேச்சாளர் இவரே!

"இண்ணைக்குப் போவாண்டாம். வயித்து வலி எண்ணு கிடயும்," என்றாள் ஆனந்தபாய்.

"எனக்குக் கைதட்டாத கூட்டம் உண்டா பிள்ளே?"

"தனித்தனியா நிண்ணு தட்டினானுவ. ஒண்ணா நிண்ணா கை வேற வேலை பாக்கும்."

கேட்டாரா? மேசையில் ஏறினார். தமிழில் முழங்கினார், கிழக்கே கைதட்டல். துண்டை மாற்றினார், மலையாளத்தில் அழுதார், மேற்கே கைதட்டல். அப்புறம்தான், ஏமாந்தவன் மற்றவன் என்று இத்தனை நாள் சிரித்த இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்த்தது. ஏமாறுவதை மனிதன் பொறுப்பான். மற்றவன் கண் முன்னால் ஏமாறுவதைப் பொறுப்பானா?

முதல் கல் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று இன்றும் வழக்கு. மேசையிலிருந்து விழுந்தவர் எழவில்லை.

ஆனந்தபாய் ஓடி வந்தபோது, "எங்க தியாகி!" என்று ஒரு கூட்டம் கையை இழுக்க, "ஞங்ஙளுடெ தியாகி!" என்று மறு கூட்டம் காலை இழுத்தது.

"தள்ளி நில்லுங்கலே! உங்களுக்குத் தலைவன் நாளைக்கே கிட்டுவான். எனக்கு மாப்பிள்ளை இவரு ஒருத்தராக்கும்."

உடலை அவள் கொண்டுபோனாள். இரண்டு கூட்டமும் சந்தியில் சிதறிக் கிடந்த கற்களைப் பொறுக்கி, ரோட்டுக்கு இருபுறமும் ஆளுக்கொரு நினைவுப் பீடம் கட்டின. எதிரிகள் கொன்றார்கள் என்று இரண்டிலும் எழுதியிருக்கிறது.

சிரித்தது போதும். அம்மாவிடம் ஒரு பேச்சு, மனைவியிடம் ஒரு பேச்சு என்று நீங்களும் இரண்டு மாலை வாங்கியவர்தானே? வாங்கிக்கொள்ளுங்கள். இருவரும் அடுக்களையில் ஒன்றாக நிற்கும்போது மட்டும் உள்ளே போகாதீர்கள். அம்மிக்கல் அங்கேதான் கிடக்கிறது.