லெவல் அண்ணனின் நாற்பது ஓநாய்கள்

ஊவா மாகாணம் முழுக்கத் தேடினாலும் லெவல் அண்ணனைப் போல ஒரு பயந்த மாவீரனைப் பார்க்க முடியாது. பதுளையில் ஒரே போர்டிங் அறையில், ஒரே கம்ப்யூட்டரைப் பங்குபோட்டு இரண்டு வருடம் அவரோடு குப்பை கொட்டியவன் சொல்கிறேன், நம்புங்கள்.

நாங்கள் ஆடியது ஒரு வாள்வீரனை வளர்த்து, கடைசியில் டிராகனைக் கொல்லும் விளையாட்டு. எதிரிகளை அடிக்க அடிக்க வீரனுக்கு லெவல் ஏறும், பலம் கூடும். அண்ணன் டிராகன் இருந்த மலைப்பக்கமே போகமாட்டார். ஊர் எல்லையில் நின்று ஓநாய் அடிப்பார். நமுனுகுலத் தோட்டத்துப் பிள்ளை அல்லவா? தேயிலைக் கொழுந்து நிறை சரியாக இருந்தால் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், குறைந்தால் அரைப்பேர் என்ற தோட்டத்துச் சட்டத்தை அங்கேயும் கொண்டுவந்துவிட்டார். நாற்பது ஓநாய் விழுந்தால்தான் முழுப்பேர். முப்பத்தொன்பதில் கரண்ட் போனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்துவிடுவார்.

"எம்பது லெவல் வந்துட்டீங்க, இன்னும் என்னண்ணே?"

"பத்தாது தம்பி. தொண்ணூத்தொம்பது ஆகட்டும்."

வேன் ஓட்டப் பழகுவதிலும் இதே கூத்து. லைசன் எடுத்தால்தான் அப்புத்தளையில் பேசிவைத்த பெண்ணைத் தருவோம் என்று பெண் வீட்டில் சொல்லியிருந்தார்கள். அண்ணன் ஞாயிறுதோறும் தோட்டத்து மைதானத்தை நாற்பது சுற்று சுற்றுவார், லைசனுக்கான ஓட்டப் பரீட்சைக்கு, அந்த ட்ரையலுக்கு மட்டும் போகமாட்டார். பொறுத்துப் பார்த்தவர்கள் தைப்பொங்கல் வரை கெடு வைத்தார்கள்.

எனக்குத்தான் பதறியது. லெவலில் ஒன்றுமில்லை, எல்லாம் ஆடுகிறவன் கையில் இருக்கிறது என்று காட்ட நினைத்தேன். மழையில் அண்ணன் அறையிலேயே முடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்றாம் லெவல் வீரனிடம் ஒரு மரக்கட்டையைக் கொடுத்து டிராகனிடம் அனுப்பினேன். சாயங்காலம் டிராகன் விழுந்தது. மார்தட்டிக்கொண்டு திரும்பினால், அண்ணன் கையில் ஒரு துண்டுக் காகிதம்.

"எரநூத்திப் பன்னெண்டு தரம் செத்துருக்க தம்பி. எனக்கு ட்ரையல்ல ஒரு தரம் செத்தாலே மானம் போயிரும்."

"ஒவ்வொரு தரமும் எந்திரிச்சேன்ல அண்ணே?"

அண்ணன் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அடுத்த வாரம் ட்ரையலுக்குப் போனார். வேனைப் பின்னால் எடுக்கும்போது கம்பத்தை இடித்துப் பெயிலானார். வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவருக்கு அப்புத்தளையிலிருந்து போன் வந்தது.

"பெயிலானா என்னங்க? திரும்பப் போங்க" என்றது பெண் குரல்.

அன்றைக்குத்தான் அண்ணன் முதன்முதலாக டிராகன் மலைக்கு ஏறினார். இரண்டே நிமிடத்தில் செத்தார். விழுந்து விழுந்து சிரித்தார். பொங்கலுக்கு முன்னால் லைசனும் எடுத்துவிட்டார்.

இப்போது பதுளைக்கும் அப்புத்தளைக்கும் வேன் ஓட்டுகிறார். முன்னால் போகிற எதையும் முந்தமாட்டார். ஏறினால் அரை மணி நேரம் பிந்தித்தான் போய்ச் சேரலாம். அது தெரிந்தும், வருகிற வேன்களையெல்லாம் விட்டுவிட்டு நான் அவருக்காகத்தான் காத்து நிற்கிறேன்.