டைட்டஸின் தனி ஆல்பம்

இனிமேல் மேடையில் சும்மா நிற்பதில்லை என்று டைட்டஸ் முடிவெடுத்தான்.

பாளையங்கோட்டையில் 'சுழி' என்று ஒரு புரோகிரஸிவ் ராக் குழு. டைட்டஸ் அதன் பாடகன். அந்த வகை இசை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பாட்டு தொடங்கும்போது ஜங்ஷனில் பஸ் ஏறினால், நாங்குநேரி தாண்டும்போது பல்லவி வரும். அதுவரை கிதார் உறுமும், தாளம் திசைக்கொன்றாக ஓடும். பாடகன் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். டைட்டஸ் பதினைந்து வருஷம் நின்றான். போன விழாவில், "நடுவுல நிக்காரே, அவரு மைக் செட்காரரா?" என்று எவனோ கேட்டது அவன் காதில் விழுந்தது. அன்றைக்கு மனசு விட்டுப்போயிற்று.

தனி ஆல்பம் போட வேண்டும். தொடக்கம் முதல் முடிவுவரை தன் குரல்தான் கேட்க வேண்டும். அட்டையில் தன் பெயர் மட்டும் இருக்க வேண்டும். வயதும் ஐம்பதை நெருங்குகிறது, இப்போது விட்டால் பிறகு கிடையாது.

சிக்கல் வில்சன். குழுவின் கிதார்காரன், தலைவன், போதாததற்கு மனைவி ஃபெமினாவின் தம்பி. குழுவை விட்டுப் போகிறேன் என்றால் மாமனார் வீடே படையெடுத்து வரும். அதனால் டைட்டஸ் ஒரு திட்டம் போட்டு மனைவியிடம் சொன்னான்.

"தொண்டையில கோளாறு, டாக்டர் பாடக்கூடாதுன்னுட்டாருன்னு உன் தம்பிட்ட சொல்லிரு. நான் பைய வள்ளியூருக்குப் போயி, தேவதாசன் ஸ்டூடியோல பாடி முடிச்சிருதேன்."

"எந்த தேவதாசன்? ஆட்டோவுல ஜவுளித் தள்ளுபடின்னு கத்துதத பதிவு பண்ணுவாரே, அவரா?"

"எங்கன பாடுனா என்ன, மைக்கு மைக்குதான். ஆல்பம் வந்து ஊரு மெச்சினா உன் தம்பி தானா மன்னிச்சிருவான்."

"சரி, சொல்லுதேன். ஆனா பொய்ய ஒழுங்கா சொல்லணும்."

அங்கேயே அவன் சுதாரித்திருக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன் ஃபெமினா கோயில் பாடகர் குழுவில் முதல் குரல். கல்யாணமான கையோடு, 'வீட்டுக்கு ஒரு பாடகர் போதும்' என்று அவளை நிறுத்தியவன் டைட்டஸ். அன்றைக்கு அவள் பதிலே சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான், புத்திசாலி.

மறுநாள் காலை காப்பி கேட்க வாயைத் திறந்தான். ஃபெமினா ஜன்னலைக் காட்டினாள்.

"பேசாதீங்க. ஆவுடைத்தாயக்கா வீட்டு ஜன்னலு கைக்கெட்டுத தூரத்துல இருக்கு. அவுக காதுல விழுந்தா வில்சன் காதுல விழுந்த மாதிரி."

"வீட்டுக்குள்ளயுமா?" என்று கிசுகிசுத்தான்.

"தொண்டை போனவன் வீட்டுக்குள்ள மட்டும் பேசுவானா?"

காப்பி வரவில்லை, கசாயம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் சீலா மீன் பொரித்தாள். அவனுக்குக் கஞ்சி. பொரித்தது தொண்டைக்கு ஆகாது என்று பக்கத்து வீட்டுக்குத் தெரியுமே. ஊர்க்காரர் யாரும் இல்லாத தன் தூத்துக்குடி ஆபீசில் மட்டும் வாயைத் திறந்தான். திறந்தால் மூடவில்லை. சக ஊழியர்கள் அவனைக் கண்டாலே ஃபைலைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

பிப்ரவரியில் தொண்டைக்கான புனிதரின் திருநாள் வந்தது. ஃபெமினா அவனைக் கோயிலுக்கு இழுத்துப் போனாள். சாமியார் இரண்டு மெழுகுவர்த்திகளைக் குறுக்காகப் பிடித்து அவன் கழுத்தில் வைத்து ஆசீர்வதித்தார். கோயிலுக்கு வந்த பங்குமக்கள் மொத்தமும் முழங்காலில் நின்று அவனுக்காக மன்றாடினார்கள். ஒன்றுமில்லாத தொண்டைக்கு இத்தனை செபம்.

ஒரு சாயங்காலம் வில்சன் தலையில் கைவைத்துக்கொண்டு வந்தான்.

"கல்லூரி விழாவுக்கு ஒத்துக்கிட்டாச்சு அத்தான். பாட ஆளில்ல. முடியாதுன்னு சொல்லிரட்டா?"

டைட்டஸுக்கு உள்ளே இனித்தது. அப்போது ஃபெமினா அடுப்படியிலிருந்து வந்தாள்.

"நம்ம மாடியில நீங்க எல்லாரும் பயிற்சி பண்ணிப்பண்ணி எனக்கு எல்லாப் பாட்டும் மனப்பாடம்லா. உங்க அத்தானுக்குச் சரியாகுத வரைக்கும் நான் பாடுதேன்."

டைட்டஸ் துள்ளி எழுந்தான். கைகளை வீசினான். நெஞ்சில் குத்திக் காட்டினான்.

"அத்தான் என்னக்கா சொல்லுதாவ?"

"என் இடத்துல நீ நின்னு பாடுங்காவ."

"கையக் கைய வீசுதாவளே?"

"சந்தோசத்துல."

வில்சன் அத்தானைக் கட்டிப்பிடித்து அழுதேவிட்டான்.

விழாவில் ஃபெமினா பாடினாள். கிதார் உறுமிய நேரமெல்லாம் அவள் கையைக் கட்டி நிற்கவில்லை. வார்த்தையே இல்லாமல், கிதாரோடு மல்லுக்கு நின்று பாடினாள். மாணவர்கள் எழுந்து நின்று கத்தினார்கள். கடைசி வரிசையில் டைட்டஸ். அந்த இடத்தில் பாடலாம் என்று இத்தனை வருஷத்தில் தனக்குத் தோன்றவில்லையே என்று கசந்தது. அவள் நன்றாகப் பாடியது அதைவிடக் கசந்தது.

கடைசியில், யாருக்கும் தெரியாமல் வள்ளியூர் போய்ப்போய்ப் பாடி முடித்த 'ஒற்றைக் குரல்' இணையத்தில் வெளியானது. அட்டையில் அவன் பெயர் மட்டும். உண்மையிலேயே நன்றாகப் பாடியிருந்தான், அதைச் சொல்லாவிட்டால் பாவம். எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடுவது என்று மறுநாள் மாடி ஏறினான். அங்கே பயிற்சி. வில்சன் காதில் ஹெட்போனோடு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நேத்துலேருந்து இதத்தான் கேக்கேன் அத்தான். தொண்டை போறதுக்கு முன்னாலேயே பாடி வச்சதாம்லா, அக்கா சொல்லிச்சு. இப்பேர்ப்பட்ட குரலு போயிருச்சேன்னு சாமியாரு பூசையிலயே வருத்தப்பட்டாவ."

டைட்டஸ் தன் போனைப் பார்த்தான். ஆல்பத்துக்குக் கீழே பாராட்டுகள் குவிந்திருந்தன. ஒவ்வொன்றும் 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்று முடிந்தது.

"இனிமே அக்காதான் நிரந்தரமா பாடும்," என்றான் வில்சன். "உங்களுக்கு வருத்தமில்லயே?"

ஃபெமினா மைக்குக்கு முன்னால் நின்றபடியே திரும்பினாள்.

"வருத்தம்னா வாயத் திறந்து சொல்லட்டும். சொல்லுங்க."

டைட்டஸ் வாயைத் திறந்தான். பேசினால் ஊருக்கும் மச்சினனுக்கும் சாமியாருக்கும் ஆயுசுக்கும் புளுகன். பேசாவிட்டால், போன குரலுக்காவது ஒரு மரியாதை உண்டு.

தொண்டையைத் தொட்டுக் காட்டி, முடியாது என்று தலையை ஆட்டினான்.